குடும்பத்தோடு கூடாரம் போடப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: ஒன்ராறியோவில் தளம் தெரிவு செய்தல்

மார்ச் மாதம் பிறந்ததும் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் இருக்கும் உறவினர்கள், பிள்ளைகளோடு படித்தவர்களின் பெற்றோர், கோவிலில் சந்திப்பவர்கள் என்று பலரும் கோடை விடுமுறைக்கு எங்கே கூடாரம் போடலாம் என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. எனவே அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, என் அனுபவத்தில் சரியென்று கண்ட விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

காம்பிங் போவதென்றால் எங்கே போவது? எல்லாம் ஒரே மாதிரி இடங்கள்தானே?

இல்லை. ஒன்ராறியோவில் ஒரு குடும்பம் கூடாரம் போடக்கூடிய இடங்களை ஐந்து வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, மாகாண அரசு நடத்தும் பூங்காக்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட மாகாணப் பூங்காக்கள் இருந்தாலும், பணியாளர்களும் கழிப்பறைகளும் முன்பதிவும் உள்ளவை அவற்றில் ஒரு பகுதிதான். இரண்டாவது, மத்திய அரசின் தேசியப் பூங்காக்கள். புரூஸ் தீபகற்பம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மூன்றாவது, ஆற்றுப்படுகைகளைப் பராமரிக்கும் அதிகார சபைகளின் பாதுகாப்புப் பகுதிகள். நான்காவது, நீச்சல் குளமும் விளையாட்டுத் திடலும் கடையும் வைத்திருக்கும் தனியார் தளங்கள். ஐந்தாவது, எந்த வசதியும் இல்லாத அரச நிலம்.

முதல் தடவை போகும் குடும்பத்துக்கு நான் மாகாணப் பூங்காவையே சொல்வேன். விதிகள் எல்லாப் பூங்காக்களிலும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால், ஒரு முறை கற்றுக்கொண்டது அடுத்த ஆண்டு வேறு பூங்காவிலும் உதவும். கீழே உள்ள விடைகளும் பெரும்பாலும் அவற்றைப் பற்றியவையே.

முதல் தடவை என்றபடியால் நேராக அல்கொன்குவினுக்கே போகலாமா, அக்கா?

போகலாம், ஆனால் முதல் தடவைக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. 1893 ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட அல்கொன்குவின் 7,600 சதுர கிலோமீற்றருக்கும் மேல் பரந்த பெருங்காடு. ஸ்காபரோவிலிருந்து மூன்று மணி நேரம் ஓட வேண்டும். கோடைகால வெள்ளிக்கிழமை மாலையில் 400 ஆம் நெடுஞ்சாலையில் அகப்பட்டால் ஐந்து மணி நேரமும் ஆகலாம். அவ்வளவு தூரம் போன பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ, இரவில் ஒருவரும் தூங்காமல் விடிந்தாலோ, திரும்பி வரும் பயணமே பெரும் பாடாகிவிடும்.

முதல் பயணத்துக்கு வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கும் ஒரு பூங்காவில் இரண்டு இரவுகள் போதும். டார்லிங்ரன் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரத்தில் ஒன்ராறியோ ஏரிக்கரையில் இருக்கிறது. 401 நெடுஞ்சாலையின் இரைச்சல் அங்கே கேட்கும் என்பது உண்மைதான்; ஆனால் மறந்துவிட்டு வந்த தலையணையை வீட்டுக்கு ஓடி எடுத்து வரவும் முடியும். சிம்கோ ஏரிக்கரையில் உள்ள சிபல்ட் பொயின்ற், பிரைட்டனுக்கு அருகில் உள்ள பிரெஸ்கில், கவார்த்தா பக்கத்துப் பால்சம் ஏரி ஆகியவையும் இந்தத் தூரத்துக்குள் வருபவை. காட்டின் அழகை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொண்டு, முதல் ஆண்டில் குடும்பம் கூடாரத்தில் தூங்கப் பழகட்டும்.

எங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தைச் சொல்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?

வருகிறவர்களுள் யாருக்கு இந்தப் பயணம் மிகவும் சிரமமாக இருக்கும் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். முழங்கால் நோவுள்ள அப்பப்பாவாக இருக்கலாம். தவழும் குழந்தையாக இருக்கலாம். இருட்டுக்குப் பயப்படும் ஏழு வயதுப் பிள்ளையாக இருக்கலாம். சில வீடுகளில், மூன்று நாளும் சமைத்தும் கழுவியுமே களைத்துப்போகும் அம்மாவாக இருக்கிறார். அந்த ஒருவருக்குப் பொருந்தும் தளத்தைத் தெரிவு செய்தால் மற்றவர்களும் மகிழ்ச்சியாக இருப்பார்கள். அழகான படத்தைப் பார்த்துத் தெரிவு செய்துவிட்டு அந்த ஒருவரைச் சமாளிக்கச் சொன்னால், எல்லோருடைய விடுமுறையும் கெட்டுப்போகும். பல ஆண்டுகள் போய்வந்ததில் நான் உறுதியாக நம்பும் ஒரே விதி இதுதான். பின்வரும் பல விடைகளும் இதிலிருந்தே வருகின்றன.

எப்போது முன்பதிவு செய்ய வேண்டும்? எவ்வளவு செலவாகும்?

மாகாணப் பூங்காக்களில், நீங்கள் போய் இறங்கும் நாளுக்குச் சரியாக ஐந்து மாதங்களுக்கு முன், காலை 7 மணிக்கு இணையத்தில் பதிவு திறக்கும். ஆகஸ்ட் 7 ஆம் திகதி போகிறவர் மார்ச் 7 ஆம் திகதி காலை 7 மணிக்குக் கணினிக்கு முன் இருக்க வேண்டும். சாண்ட்பேங்ஸ், கில்பெயர், பொன் எக்கோ, பைனரி, அல்கொன்குவின் போன்ற பெயர்பெற்ற பூங்காக்களின் ஏரியோர இடங்கள் ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிகளுக்குச் சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. எனவே முதல் நாளிரவே கணக்கைத் திறந்து, விரும்பும் நான்கைந்து இடங்களின் எண்களை வரிசையாக எழுதி வையுங்கள். ஒன்றை மட்டும் நம்பியிருந்து அது போய்விட்டால், அடுத்ததைத் தேடுவதற்குள் எல்லாம் போய்விடும்.

கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். திட்டம் மாறிக் கைவிடுகிறவர்கள் நிறையப் பேர். நீங்கள் கேட்ட நாளில் இடம் காலியானால் மின்னஞ்சலில் அறிவிக்கும் வசதி பதிவு இணையத்தளத்திலேயே உண்டு. விடுமுறை எடுக்க முடிந்தவர்கள் ஞாயிறு முதல் வியாழன் வரை போனால், அதே பூங்காவில் நல்ல இடமும் கிடைக்கும், அமைதியும் கிடைக்கும். கட்டணம் இடத்தையும் மின்சார வசதியையும் பொறுத்து ஓர் இரவுக்கு ஏறத்தாழ 40 முதல் 60 டாலர் வரை ஆகும். பதிவுக் கட்டணமும், இரண்டாவது வாகனம் கொண்டு போனால் அதற்கான கட்டணமும் வேறு.

நாங்கள் மூன்று குடும்பம், பதினான்கு பேர். ஓர் இடம் எடுத்தால் போதாதா?

போதாது. மாகாணப் பூங்காக்களில் ஓர் இடத்தில் பொதுவாக 6 பேர்தான் தங்கலாம். பதினான்கு பேருக்கு மூன்று இடங்கள் வேண்டும். ஒரே வீட்டில் ஆறு பேருக்கு மேல் இருந்தால், பதிவு செய்யும் முன்னரே பூங்கா அலுவலகத்தில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். வாயிலில் நின்று வாதாடுவது விடுமுறைக்கு நல்ல தொடக்கமாகாது.

மூன்று இடங்களும் அடுத்தடுத்து வேண்டுமென்றால், மூன்று வீட்டாரும் ஒரே காலை 7 மணிக்குத் தனித்தனிக் கணினிகளில் அமர்ந்து, யார் எந்த எண்ணை எடுப்பது என்று முன்பே பேசிவைக்க வேண்டும். இதைவிட எளிது, பெரிய குழுக்களுக்கென்று சில பூங்காக்களில் ஒதுக்கியிருக்கும் குழுத் தளம். மற்றவர்களிடமிருந்து சற்று விலகி இருப்பதால் பிள்ளைகள் ஓடி விளையாடலாம், எல்லோரும் ஒன்றாகச் சமைக்கலாம். ஆனால் பல குழுத் தளங்களில் குளியலறை அருகில் இராது; மேலே சொன்ன அந்த ஒருவரை நினைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பூங்காவைத் தெரிவு செய்துவிட்டோம். அதற்குள் எந்த எண் இடம் நல்லது என்று எப்படித் தெரியும்?

எல்லோரும் பூங்காவின் பெயரைப் பற்றியே கேட்கிறார்கள். உண்மையில் மூன்று நாளும் நீங்கள் வாழப்போவது அந்தச் சிறிய நிலத்துண்டில்தான். பதிவு இணையத்தளத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் படமும், நிழல் எவ்வளவு, மறைவு எவ்வளவு, நிலம் சரிவா சமமா என்ற குறிப்புகளும் இருக்கும். ஒன்றையும் விடாமல் வாசியுங்கள். நாங்கள் முதல் முறை போனபோது, ஏரிக்கு அருகில் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து ஒரு தாழ்வான இடத்தை எடுத்தோம். இரவு 2 மணிக்கு மழை பிடித்தது. சுற்றியிருந்த மேட்டு நிலத்துத் தண்ணீர் எல்லாம் எங்கள் கூடாரத்துக்கு அடியில் வந்து சேர்ந்தது. ஈரப் போர்வைகளோடு இரண்டு பிள்ளைகளும் வாகனத்துக்குள் இருந்து விடிய வைத்தார்கள். அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது நிலத்தின் மட்டத்தைத்தான்.

அடுத்தது கழிப்பறை. பூங்கா வரைபடத்தில் இரண்டு விதமான கழிப்பறைகள் காட்டப்பட்டிருக்கும்: தண்ணீர் வசதியும் சுடுநீர்க் குளியலறையும் உள்ள கட்டடம் ஒன்று, தண்ணீர் இல்லாத குழி மலசலகூடம் மற்றொன்று. வயதானவர்களும் சிறு பிள்ளைகளும் இருந்தால் முதலாவதிலிருந்து இரண்டு மூன்று நிமிட நடைக்குள் இடம் எடுங்கள். அதற்கு நேர் எதிரே எடுக்க வேண்டாம்: இரவு முழுவதும் விளக்கு எரியும், கதவு அடித்துக்கொண்டே இருக்கும், ஆட்கள் உங்கள் இடத்தையே குறுக்குவழியாக்கி நடப்பார்கள். சாலை வளைவில் உள்ள இடங்களில் வாகன விளக்குகள் கூடாரத்தின் மேல் விழும். டிரெய்லர்கள் கழிவுநீர் இறக்கும் நிலையத்துக்கு அருகில் மணமும் வரும், வாகன வரிசையும் நிற்கும்.

தவழும் பிள்ளையும், நீந்தத் தெரியாமல் ஓடித்திரியும் பிள்ளையும் இருக்கும் குடும்பம், தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தைத் தெரிவு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த இடங்கள் மிக அழகானவை. ஆனால் யாராவது ஒருவர் மூன்று நாளும் கண் இமைக்காமல் காவல் இருக்க வேண்டியிருக்கும், அந்த ஒருவர் பெரும்பாலும் அம்மாதான். இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அண்ணாந்து பார்க்கவும் மறக்காதீர்கள். தலைக்கு மேல் பட்டுப்போன கிளை இருந்தால் அதன் கீழ் கூடாரம் வேண்டாம்; அலுவலகத்தில் சொன்னால் வந்து பார்ப்பார்கள்.

மின்சாரம் உள்ள இடம் எடுப்பதா, இல்லாததா?

இன்சுலின் குளிராக வைக்க வேண்டியவர், தூக்கத்தில் மூச்சுக் கருவி அணிகிறவர், பால் சூடாக்க வேண்டிய கைக்குழந்தை ஆகியோர் இருந்தால் மின்சாரம் உள்ளதையே எடுங்கள். வெளியிடங்களுக்கென்று செய்யப்பட்ட நீளமான மின்வடமும் கொண்டு போங்கள். சோறு மின்சாரக் குக்கரில் தன்பாட்டில் வெந்துகொண்டிருந்தால், சமைப்பவரும் ஏரிக்கரைக்குப் போய் வரலாம். எங்கள் குடும்பத்தில் அந்த ஒரு காரணத்துக்காகவே பல ஆண்டுகள் அப்படி எடுத்திருக்கிறோம்.

அந்தப் பகுதிகளில் டிரெய்லர்கள் கூடுதலாக நிற்கும். இடங்கள் நெருக்கமாகவும் மரங்கள் குறைவாகவும் இருக்கும். மேற்சொன்ன தேவைகள் இல்லாதவர்களுக்கு மின்சாரம் இல்லாத பகுதியே இனிமையானது. எந்த இடமாக இருந்தாலும், குளிர் தாங்கவில்லை என்று கரி அடுப்பையோ எரிவாயு அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர்களைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

கூடாரத்தில் படுத்தது போதும், இனி என்னைக் கூப்பிடாதே என்கிறார் அம்மம்மா. அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

சம்மதிக்க வைக்க முயல வேண்டாம். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் போருக்கு அஞ்சி யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் மூட்டை முடிச்சுகளோடு நடந்தவர்களும், 2009 இல் இடம்பெயர்ந்து வவுனியா மெனிக் பாமில் வெள்ளைத் தறப்பாளின் கீழ் மாதக்கணக்கில் இருந்தவர்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். நமக்கு விடுமுறையாகத் தெரிவது அவர்களுக்கு வேறொன்றை நினைவூட்டும். கழிப்பறைக்கு வரிசை, குழாயடியில் வாளி, மழை இரவில் நனையும் துணி ஆகியவற்றை அவர்கள் விளையாட்டாகச் செய்தவர்கள் அல்லர். ‘முகாம்’ என்ற சொல்லையே எங்கள் வீட்டில் நாங்கள் பயன்படுத்துவதில்லை. இந்தப் பக்கம் முழுவதும் ‘தளம்’ என்று எழுதியிருப்பதும் அதனால்தான்.

அதற்காக அவரை வீட்டில் தனியே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதில்லை. சில மாகாணப் பூங்காக்களில் யேர்ட் எனப்படும் கூடாரம் போன்ற சிறு வீடுகள் இருக்கின்றன. மரத் தளமும் கட்டில்களும் பூட்டும் கதவும் உள்ளவை. அல்கொன்குவினின் மியூ ஏரித் தளத்திலும், பைனரியிலும், பான்குரொவ்ற்றுக்கு அருகில் உள்ள சைலன்ற் ஏரியிலும் இவை உண்டு. தேசியப் பூங்காக்களில் ஓடென்டிக் என்ற பெயரில் இதேபோன்ற கட்டில் வைத்த தங்குமிடங்கள் கிடைக்கும். எண்ணிக்கை குறைவு என்பதால் நான்காவது கேள்வியில் சொன்ன ஐந்து மாதக் கணக்கை மாகாணப் பூங்கா யேர்ட்டுகளுக்கு இன்னும் கவனமாகப் பின்பற்ற வேண்டும்.

அதுவும் வேண்டாம் என்றால், நகரத்துக்கு அருகில் உள்ள பூங்காவைத் தெரிவு செய்யுங்கள். சாண்ட்பேங்ஸுக்குப் பக்கத்தில் பிக்ரன் நகரம், அரோஹெட் பூங்காவுக்குப் பக்கத்தில் ஹண்ட்ஸ்வில் நகரம் இருக்கின்றன. அங்கே ஒரு விடுதி அறையில் அம்மம்மாவும் துணைக்கு ஒருவரும் தங்கி, பகலில் பூங்காவுக்கு வந்து போகலாம். என் அம்மா முதல் இரண்டு ஆண்டுகள் பகலில் மட்டுமே வந்தார். ஏரிக்கரையில் கதிரை போட்டு அமர்ந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பொழுது சாயும் முன் போய்விடுவார். மூன்றாம் ஆண்டு, யேர்ட்டில் ஓர் இரவு தங்குகிறேன் என்று அவராகவே சொன்னார். சொல்லாமலே இருந்திருந்தாலும் அது சரியாகவே இருந்திருக்கும்.

கறி சமைத்தால் கரடி வருமா?

மணமுள்ள எதற்கும் வரும். கறியை மட்டும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்ராறியோவில் நாம் போகும் பகுதிகளில் உள்ளது கரும் கரடி. அல்கொன்குவின், கில்பெயர் போன்ற வடபகுதிப் பூங்காக்களில் அவை நடமாடுகின்றன. தெற்கே உள்ள பூங்காக்களில் ரக்கூன்கள்தான் தொல்லை. குளிர்பெட்டியின் மூடியைத் திறக்க அவற்றுக்கு நன்றாகத் தெரியும்.

சாப்பிட்டு முடித்ததும் உணவு, குளிர்பெட்டி, அடுப்பு, எண்ணெய்ப் போத்தல், கழுவாத பாத்திரம் எல்லாவற்றையும் வாகனத்துக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். பற்பசை, சவர்க்காரம், பிள்ளையின் பையில் கிடக்கும் மிக்சர் பொட்டலம் ஆகியவையும் இதில் அடங்கும். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கற்கூட இருக்கக் கூடாது. மீன் கழுவிய தண்ணீரையும் எண்ணெயையும் மரத்தடியிலோ குழாயடியிலோ ஊற்ற வேண்டாம். எலும்பையும் மிச்சக் கறியையும் நெருப்பில் போட்டால் எரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மணம் அங்கேயே தங்கிவிடும், அடுத்து வரும் குடும்பம் அதன் பலனை அனுபவிக்கும். மனிதர் உணவுக்குப் பழகிய கரடியைப் பெரும்பாலும் கொன்றுவிட நேரிடுகிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதன் பிறகு அவர்களே நமக்குக் காவலர்களாகி விடுவார்கள்.

சமையலைப் பொறுத்தவரை என் பழக்கம், ஆட்டிறைச்சியை வீட்டிலேயே பிரட்டி உறைய வைத்துக் கொண்டுபோவது. அதுவே முதல் நாள் ஐஸ் கட்டியாகவும் இருக்கும். இரண்டாம் நாள் சூடாக்கினால் போதும். விறகை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டாம். ஆஷ் மரங்களை இலட்சக்கணக்கில் அழித்த பச்சை வண்டு விறகோடு பயணம் செய்துதான் பல ஊர்களுக்குப் பரவியது. போகும் இடத்திலேயே வாங்குங்கள்.

பிள்ளைகள் தண்ணீரில் விளையாட எந்தப் பூங்கா பாதுகாப்பானது? உயிர்காப்பாளர் இருப்பார்தானே?

இருக்க மாட்டார். மாகாணப் பூங்காக்களின் கடற்கரை போன்ற மணற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் பணியில் இல்லை. இதைத் தெரியாமல் போகிறவர்கள் நம்மவரில் பலர். கயிற்றில் மிதக்கும் பந்துகள் ஆழத்தைக் காட்டும் குறிகள், அவற்றுக்குள்ளே யாரும் காவல் இருப்பதில்லை.

சிறு பிள்ளைகளுக்குச் சாண்ட்பேங்ஸ் பூங்காவின் அவுட்லெற் கரை நல்லது. நெடுந்தூரம் முழங்காலளவு தண்ணீரில் மணலில் நடக்கலாம். பொன் எக்கோவில் மாசினோ ஏரிக்கு மேல் 100 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் பாறையும், அதில் பூர்வகுடி மக்கள் வரைந்த 260 க்கும் மேற்பட்ட செங்காவி ஓவியங்களும் காண வேண்டியவை. ஆனால் அந்த ஏரி மாகாணத்தின் மிக ஆழமான ஏரிகளுள் ஒன்று. குறித்த குளிக்கும் இடத்தை விட்டு விலகக் கூடாது. ஜோர்ஜியன் விரிகுடாக் கரையில் பாறை வழுக்கும், தண்ணீர் ஜூலையிலும் குளிராக இருக்கும். பெரிய ஏரிகள் எல்லாவற்றிலும், காற்றடிக்கும் நாளில் காற்றடைத்த மிதவைகளில் பிள்ளைகளை விட வேண்டாம். நாம் கூப்பிடும் தூரத்தைத் தாண்டி அவை அடித்துச் செல்லப்பட அதிக நேரம் ஆகாது. உயிர்காப்பு அங்கி இல்லாதவர்களுக்குப் பல பூங்காக்களின் அலுவலகங்களில் இரவலாகத் தருவார்கள். பெரியவர்களுள் நீந்தத் தெரிந்த ஒருவர், கைத்தொலைபேசி இல்லாமல், முறைவைத்துக் கரையில் நிற்க வேண்டும்.

நுளம்பு, உண்ணி, பாம்பு என்று பயமாக இருக்கிறது. எந்த மாதம் போனால் குறைவு?

மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் இறுதி வரை வடபகுதிக் காடுகளில் பிளாக் பிளை என்னும் சிறிய கறுப்பு ஈக்கள் காதோரத்திலும் கழுத்திலும் இரத்தம் வரக் கடிக்கும். நுளம்பும் அப்போதுதான் மிகுதி. மே மாதத்து விக்ரோரியா தின நீண்ட வார இறுதியில் அல்கொன்குவினுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் நொந்து திரும்பியவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஆகஸ்ட் மூன்றாம் வாரத்துக்குப் பின் பூச்சிகள் வெகுவாகக் குறையும், ஏரியும் சூடாக இருக்கும். குடும்பத்துக்கு மிகச் சிறந்த காலம் அதுவே. செப்டெம்பர் இறுதியில் மேப்பிள் இலைகள் சிவக்கும் அழகு பேரழகு. ஆனால் இரவுக் குளிர் உறைநிலையைத் தொடக்கூடும், அல்கொன்குவினுக்குப் பகலில் மட்டும் போவதற்கும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

உண்ணி, லைம் நோயைப் பரப்பக்கூடியது. ஒன்ராறியோ ஏரியின் வடகரையை ஒட்டிய பூங்காக்களிலும் கிழக்குப் பகுதியிலும் இது கூடுதல். புல்லில் நடந்த நாள்களில் இரவு குளிக்கும்போது முழங்காலின் பின்புறம், அக்குள், தலைமுடிக்குள் எல்லாம் தேடிப் பாருங்கள். இருந்தால் சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். பாம்பைப் பொறுத்தவரை, மாகாணத்தில் நஞ்சுள்ளது மசசோகா என்னும் கிலுகிலுப்பைப் பாம்பு ஒன்றே. கில்பெயர் பக்கத்தில் இது வாழ்கிறது. தானாக வந்து தாக்காது, சட்டத்தால் காக்கப்படுவது. இருட்டில் செருப்பில்லாமல் நடக்காதிருந்தால் போதும்.

இரவில் எங்கள் பாட்டைப் போட்டு ஆடலாமா? ஒரு போத்தல் திறக்கலாமா?

கேட்டவர்கள் மனம் வருந்தினாலும் தெளிவாகச் சொல்ல வேண்டும்: பக்கத்து இடத்துக்குக் கேட்கும் சத்தம் பகலிலும் விதிமீறல்தான், இரவு 10 மணிக்குப் பின் ஒருவரும் பொறுக்க மாட்டார்கள். சில பூங்காக்களில் வானொலியே கூடாத பகுதிகள் தனியாக இருக்கின்றன. குழந்தையோடு போகிறவர்கள் அந்தப் பகுதியைக் கேட்டு எடுங்கள். பாட்டு வேண்டும் என்கிறவர்கள் தவறுதலாக அங்கே பதிவு செய்துவிடாதீர்கள். மது உங்கள் கூடார இடத்துக்குள் மட்டும்தான். ஏரிக்கரையிலும் சாலையிலும் கூடாது.

பகலில் உறவினர் பத்துப் பேர் வந்து பார்த்துப் போவது நம் வழக்கம். அவர்கள் ஒவ்வொரு வாகனத்துக்கும் பகல் அனுமதி வாங்க வேண்டும், இரவில் திரும்பிவிட வேண்டும். அப்படிக் கூட்டம் வரும் என்று தெரிந்தால் ஐந்தாம் கேள்வியில் சொன்ன குழுத் தளமே உங்களுக்கு ஏற்றது.

நான்கு நாளும் மழை என்றால் என்ன செய்வது?

தளத்தைத் தெரிவு செய்யும்போதே இதை எண்ண வேண்டும். அல்கொன்குவினில் 60 ஆம் நெடுஞ்சாலையின் 43 ஆம் கிலோமீற்றரில் பெரிய பார்வையாளர் மையமும், கிழக்கு வாயிலுக்கு அருகில் மரம் வெட்டும் தொழிலின் வரலாற்றைக் காட்டும் அருங்காட்சியகமும் இருப்பதால், மழை நாளையும் அங்கே கழிக்கலாம். சிறிய பூங்காக்களில் இவை இராது. பக்கத்து ஊரில் நூலகமோ நீச்சல் குளமோ உண்டா என்று முன்பே பார்த்து வையுங்கள். மேசைக்கு மேல் கட்ட ஒரு பெரிய தறப்பாளும் நீண்ட கயிறும் கட்டாயம். இடி இடித்தால் எல்லோரும் வாகனத்துக்குள்.

இலண்டனிலிருந்து மாமா குடும்பம் வருகிறது, எங்கும் இடமில்லை. அரச நிலத்தில் இலவசமாகக் கூடாரம் போடலாமாமே?

கனடாவில் வசிப்பவர்கள் ஒன்ராறியோ அரச நிலத்தில் கட்டணமின்றி ஓர் இடத்தில் ஆண்டுக்கு 21 நாள் வரை தங்கலாம் என்பது சரி. வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு அந்தச் சலுகை எல்லா இடத்திலும் இல்லை. மாகாணத்தின் வடபகுதியில் அவர்கள் அனுமதி வாங்க வேண்டும். அதைவிட முக்கியம், அங்கே கழிப்பறை இல்லை, குடிநீர் இல்லை, பெரும்பாலும் தொலைபேசித் தொடர்பும் இல்லை. கூடாரத்தையே பார்த்திராத விருந்தினரை அங்கே கூட்டிப்போவது, மூன்றாம் கேள்வியின் விடையை மறப்பதாகும்.

வேறொருவர் பதிவு செய்த இடத்தை இணையத்தில் கூடுதல் விலைக்கு வாங்கவும் வேண்டாம்; அந்த அனுமதி உங்கள் பெயரில் இராது, வாயிலில் திருப்பி அனுப்பப்படலாம். வார நாள்களில் ஒரு பாதுகாப்புப் பகுதியையோ தனியார் தளத்தையோ தேடுங்கள். நீச்சல் குளமும் கடையும் உள்ள தனியார் தளம், வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு உண்மையில் பிடித்தமானதாகவே இருக்கும்.

வேலை முடித்து வெள்ளி இரவு 9 மணிக்குப் போய்ச் சேர்ந்தால் பரவாயில்லையா?

பூங்கா உங்களை உள்ளே விடும். இடம் பிற்பகல் 2 மணியிலிருந்தே உங்களுடையது. ஆனால் ஜூலைத் தொடக்கத்திலும் 9 மணியளவில் சூரியன் மறைந்துவிடும். பசித்த பிள்ளைகளையும் நுளம்பையும் வைத்துக்கொண்டு, தலைவிளக்கின் ஒளியில், சரிவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் கூடாரம் அடிப்பது அனுபவமுள்ளவர்களுக்கே கடினம். முடிந்தால் ஒருவர் மதியமே புறப்பட்டுக் கூடாரத்தை அடித்து வைக்கட்டும். முடியாவிட்டால் வெள்ளி இரவுக்கான கட்டணத்தை இழந்ததாக எண்ணாமல், அன்றிரவு வீட்டில் தூங்கிச் சனி அதிகாலையில் புறப்படுங்கள். ஆனால் உங்கள் இடத்தை விடுவித்துவிடாமல் இருக்க, காலையில் வருகிறோம் என்று வெள்ளி பகலிலேயே பூங்கா அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.